பச்சைக் காரின் வால்

பாஸ் சப்பாத்து வாங்குவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு கடையில் நான் அதைப் பார்த்தேன். புதுச் சப்பாத்தைப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு நடை நடந்துவிட்டு "சரி, பெட்டியில போடுங்க" என்கிற ஆள் இல்லை அவர். மார்க்கெட்டில் வாங்கிய அரிசிப் பையைத் தூக்கித் தோளில் வைத்தார். மரக்கறிப் பையை இடக்கையில் பிடித்தார். அந்தக் கோலத்தில் கடைக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். கடையில் நின்ற பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

"சும்மா நடந்தா எந்தச் சப்பாத்துதான் கடிக்கும்? சுமை ஏறட்டும், அப்ப தெரியும் இதோட வண்டவாளம்" என்றார். பிறகு என்னைக் கண்டுவிட்டார். "டீச்சர், பாத்துக்கிட்டு நிக்காதீங்க. உங்க பையையும் இப்பிடி குடுங்க!" நானும் கொடுத்தேன். என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இன்னொரு சுற்று வந்தார். அந்தச் சப்பாத்தை அவர் வாங்கவில்லை.

நம் நாட்டில் தச்சரும் பாஸ், மேசனும் பாஸ், மோட்டார் மெக்கானிக்கும் பாஸ். கண்டியில் அப்படி எத்தனையோ பேர். ஆனால் காரின் பின்பக்கத்தில் ஏதோ கோளாறு என்று யாரிடமாவது வாய் திறந்தால், "பாஸ்கிட்ட காட்டுனீங்களா?" என்று கேட்பார்கள். அது இவரைத்தான். தென்னகும்புரப் பாலத்துக்குக் கிட்ட, மகாவலி ஆற்றைப் பார்த்தபடி அவருடைய கராஜ் இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது. மருமகன் நடத்துகிறார், வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாத கூட்டம். பாஸ்தான் இல்லை.

மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அதைப் பற்றிக் கேட்டால், "பொறந்தேன், கெளம்பி வந்துட்டேன், அதுல என்னா கதை இருக்கு?" என்பார். தலைக்கு டை அடித்து, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்தான் கராஜுக்கு வருவார். மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நீல ஓவரோலுக்குள் நுழைந்து, வண்டிக்குக் கீழே உள்ள குழிக்குள் இறங்குவார். வேலை முடிந்ததும் மறுபடியும் வெள்ளைச் சட்டை. அடக்கம் என்கிற குணம் அவர் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. "இந்த மலைநாட்டுல பின்பக்கம் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். முன்பக்கத்தில் கோளாறு என்றால் தொடவும் மாட்டார். "அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க, போங்க" என்று கையைக் காட்டிவிடுவார்.

வண்டியை ஜாக்கில் தூக்கி, அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

"தொங்குற வண்டிக்கு என்னாங்க நோவு? கட்டில்ல படுத்துக் கெடக்கிறவன்கிட்டப் போய் இடுப்பு வலிக்குதான்னு கேக்கிற மாதிரி இருக்கு. வண்டி நாலு கால்லயும் நிக்கணும். எந்தச் சுமையோட ஓடுதோ அந்தச் சுமையோட நிக்கணும். அப்ப கேளுங்க, அதுவே சொல்லும்."

இதை அவர் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒருவர், பின்பக்கத்தில் டக் டக் என்று சத்தம் வருகிறது என்று வந்தார். காலி வேனில் சத்தம் இல்லை. "புள்ளைங்களை ஏத்திக்கிட்டு வாங்க" என்றார் பாஸ். வேன்காரர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பாஸ் சிரிக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், தாய் தகப்பன்மாருக்கெல்லாம் போனில் சொல்லிவிட்டு, வேன் நிறைய வெள்ளை யூனிஃபோர்ம் கராஜுக்கு வந்து சேர்ந்தது. பாஸ் குழிக்குள் இருந்து கட்டளை போட்டார். "எல்லாரும் வலப்பக்கம் சாயுங்க! இப்ப இடப்பக்கம்! ஏய், யார் அது குதிக்கிறது, சாயத்தான் சொன்னேன்!" பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மூன்றாவது சாய்வில் டக் என்றது. ஸ்பிரிங் பட்டை ஒன்றில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. பிள்ளைகள் எல்லாருக்கும் தின்னப் பணிஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த நாள் ஒரு தாய் வந்து சண்டை பிடித்தார். "எம்புள்ளை என்ன, மண்மூட்டையா?"

"மண்மூட்டை சாயாதும்மா. புள்ளைதான் சாயும்" என்றார் பாஸ்.

மனிதர்களையும் அவர் இப்படித்தான் பார்த்தார் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் பயம். மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, தேத்தண்ணி, பலகாரம் எல்லாம் முடிந்ததும், மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, மேல் வீட்டுக்கு ஒரு அலுமாரி ஏத்தணும், ஒரு கை புடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. குறுகலான படிக்கட்டு. பாதி வழியில் பாஸ் தன் பக்கத்தைத் தளர்த்தி, "கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்குது" என்று நின்றுவிட்டார். தேக்கு அலுமாரியின் முழுப் பாரமும் கீழே நின்ற அந்தப் பிள்ளையின் மேல். அவர் கத்தவில்லை, வைத்துவிட்டு ஓடவும் இல்லை. "மாமா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டாராம்.

"அப்பவே மாமாங்கிறார், பாத்துக்கங்க!" என்று இதை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"அலுமாரி சரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க பாஸ்?" என்று கேட்டேன்.

"அலுமாரி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம் டீச்சர்."

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். வீடு அம்பிட்டியவில். என்னிடம் ஒரு பச்சை நிற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட், கூரையைப் பின்னால் மடித்துவிடலாம், முப்பது வயது தாண்டிய கிழவி. பேராதனையில் ஒரு டொக்டர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதை வாங்கிய நாளிலிருந்து சொந்தக்காரர்கள் என்னைச் சும்மா விடவில்லை. "டீச்சருக்கு எதுக்கு ரெண்டு சீட் காரு? மாமியார் வந்தா டிக்கியிலயா ஏத்துவ?" என்றார்கள். மாமியாரே கேட்கவில்லை, இவர்களுக்கு என்ன? எனக்கு அந்தக் காரைப் பிடித்திருந்தது. வளைவில் போட்டு எடுக்கும்போது அதன் முதுகு என் முதுகோடு சேர்ந்து திரும்புகிறதே, அந்தச் சுகத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

டவுனில் ஒரு பெரிய கராஜில் அதன் பின்பக்க ரப்பர்களையெல்லாம் புதிதாக மாற்றினேன். மெக்கானிக்குகள் அதைப் புஷ் என்பார்கள். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகள் உடம்போடு சேருகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையங்கள். அதற்குப் பிறகு சில மாதம் கழித்துத்தான் அது நடந்தது.

பள்ளிக்கூட விழாவுக்கு என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேபில் வேலை செய்கிறவர். எதையும் நிதானமாகப் பேசுகிற மனுசன். திரும்பி வரும்போது, தலாத்துஓயாவுக்கு மேலே ஒரு வலப்பக்க வளைவு. இடப்பக்கம் பள்ளம். மழைகூட இல்லை. வளைவுக்குள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான், காரின் வால் பள்ளத்துப் பக்கம் கிளம்பிவிட்டது. நான் ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினேன். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. கார் ஒரு உலுக்கு உலுக்கி, நேராகி, ரோட்டைக் கடந்து மலைப்பக்கம் மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் முன்சக்கரத்தை விட்டுக்கொண்டு நின்றது.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. "பள்ளத்துக்குத் திருப்புறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்றார். பிறகு, "இனி நீ ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் காரில், அவர் பஸ்ஸில். ஒரே மாதா கோவில், ஒரே வாங்குப் பலகை, பக்கத்துப் பக்கத்தில் உட்காருவோம். முடிந்ததும் அவர் பஸ் ஹோல்ட்டுக்குப் போய்விடுவார். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கு மானம் போனது.

ரப்பர் மாற்றிய கராஜுக்கே கொண்டுபோனேன். லிஃப்ட்டில் தூக்கினார்கள், கம்பியை விட்டு நெம்பினார்கள், டோர்ச் அடித்தார்கள். "வண்டியில ஒண்ணுமில்ல மிஸ். கொஞ்சம் பாத்து ஓட்டுங்க." வீல் எலைன்மென்ட் கடையிலும் அதே பாட்டு, கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்கிற சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் ஆத்திரம் தணிந்ததும் பயம் வந்தது. எல்லாரும் ஒன்றுமில்லை என்கிறார்களே, அப்படியென்றால் நான்தானா? என் கைதான் பைத்தியக்காரத்தனமாகப் பள்ளத்துக்குத் திரும்பியதா? பக்கத்தில் இருந்த மனுசனைக் கொல்லப் பார்த்தேனா? அதற்குப் பிறகு நானும் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். காரா, நானா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அப்போதுதான் யாரோ கேட்டார்கள், பாஸ்கிட்ட காட்டுனீங்களா என்று.

மெதுவாகக் காரை உருட்டிக்கொண்டு அவருடைய கராஜுக்குப் போய் நிறுத்தினேன். "பின்பக்க புஷ்ல ஏதோ..." என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"சாமான் பேர் சொல்லாதீங்க. அது என் வேலை. உங்களுக்கு என்னா தெரிஞ்சிச்சு? கையில, முதுகுல?"

"யாரோ பின்னால உக்காந்து இன்னொரு ஸ்டியரிங் புடிக்கிற மாதிரி இருந்துச்சு பாஸ்."

அவர் முகம் மாறியது. அதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்கவில்லை, கேட்டாலும் நின்று காது கொடுக்கவில்லை. அங்கேயே எனக்கு அழுகை வரப் பார்த்தது.

"அந்த நேரத்துல வண்டியில டீச்சர் மட்டுமா இருந்தீங்க?"

"வீட்டுக்காரரும் இருந்தார்."

"அப்ப அவரும் வரணும்."

"அவர் ஏற மாட்டார் பாஸ்."

"ஓடுற வண்டியிலதானே? இது நிக்கிற வண்டி. வரச் சொல்லுங்க."

சனிக்கிழமை அவர் வந்தார், பஸ்ஸில்தான். கையைக் கட்டிக்கொண்டு கராஜ் வாசலில் நின்றார். பாஸ் காரைக் குழிக்கு மேல் நிறுத்தி, என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

"டீச்சர் எத்தனை கிலோ?"

"அறுபது" என்றேன்.

பின்சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரல்களை வைத்துப் பார்த்தார். "அறுபதா? ஸ்பிரிங் அப்படிச் சொல்லலையே." இத்தனை கவலையிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற மனுசன் வேறு பக்கம் திரும்பி இருமினார். அது இருமல் இல்லை.

"சேர், நீங்க மத்தச் சீட்ல ஏறுங்க."

"இல்ல, நான் இங்கயே நிக்கிறேன்."

பாஸ் மருமகனைக் கூப்பிட்டு அந்தச் சீட்டில் உட்கார வைத்தார். நாலு டயரையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் சுற்றித் தடவினார். "அப்ப சேர் என்கூடக் கீழ வாங்க. டீச்சர் எறங்கக் கூடாது. நீங்க எறங்கினா வண்டி வேற வண்டி."

இருவரும் குழிக்குள் இறங்கினார்கள். என் காலுக்குக் கீழே அவர்கள் பேசுவது கேட்டது. முகம் தெரியவில்லை.

முதலில் ஜாக்கை வைத்துக் காரின் பின்பக்கத்தைத் தூக்கினார். "பாருங்க சேர், இடது சக்கரத்துக் கை. இந்த ரப்பர். எப்படி இருக்கு?"

"நல்லாத்தானே இருக்கு."

"புதுப் பொண்ணு மாதிரி இருக்கு. இப்ப எறக்குறேன்." கார் இறங்கி உட்கார்ந்தது. "இப்ப பாருங்க."

பிறகு என் வீட்டுக்காரரின் குரல். "வாய் பொளந்து நிக்குதே!"

"வண்டியைத் தொங்கவிட்டுக்கிட்டே போல்ட்டை முடுக்கியிருக்காங்க. தொங்கும்போது ரப்பர் நேரா இருந்துச்சு. எறக்கின ஒடனே முறுக்கு ஏறிடுச்சு. நின்னாலும் முறுக்கு, ஓடினாலும் முறுக்கு. எத்தனை நாளைக்குத் தாங்கும்? கிழிஞ்சிருச்சு. அப்புறம் பாக்கிறவன் மறுபடி தூக்கிப் பாக்கிறான். தூக்கினா முறுக்கு அவிழ்ந்து கிழிசல் மூடிக்குது. வண்டி நல்ல வண்டிங்கிறான்."

"அதனால என்ன ஆகும்?"

"சக்கரம் தன் இஷ்டத்துக்கு வெளிய பாக்கும். வலப்பக்க வளைவுல பாரம் பூரா இந்தச் சக்கரத்துலதான். டீச்சர் சொன்னது சரி, பின்னால இன்னொருத்தன் ஸ்டியரிங் புடிச்சிருக்கான்."

மேலே நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். காரா நானா என்று கேட்டேனே, கார்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகன் என்னைப் பார்க்காமல் மகாவலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை.

ஆனால் பாஸ் அதோடு விடவில்லை. "சேர் பக்கத்துல இருந்தீங்களே, டீச்சர் எந்தப் பக்கம் திருப்பினாங்க?"

"பள்ளத்துப் பக்கம். நான் என் கண்ணால பாத்தேன்."

"வால் எந்தப் பக்கம் போச்சு?"

"அதுவும்... பள்ளத்துப் பக்கம்தான்."

"வால் போற பக்கம்தான் மூக்கையும் காட்டணும் சேர். அப்பதான் வால் நிக்கும். மலைப்பக்கம் திருப்பியிருந்தா வண்டி சுத்தி, பின்பக்கத்தாலயே பள்ளத்துல எறங்கியிருக்கும். பிரேக் புடிச்சிருந்தாலும் அதேதான். டயரைத் தடவிப் பாத்தேன், எங்கயும் ஒரு எடம் மட்டும் மொட்டையா தேயல. அப்ப பிரேக்கை அமுக்கல. இந்தப் பழுதோட, அந்த எடத்துல, நான் ஓட்டியிருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். இல்லாட்டி உங்க ரெண்டு பேருக்கும் அம்பிட்டியவுல சாவு வீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருப்பாங்க."

நான் ஓட்டியிருந்தாலும் என்று பாஸ் சொன்னதன் பெறுமதி அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். தனக்குச் சமமாக இன்னொருவரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் குழியிலிருந்து ஏறி வந்தார். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "நான் பஸ்ல போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொழும்பிலிருந்து புது ரப்பர் வரும்வரை வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. மற்றதெல்லாம் பேசினார். சோற்றுக்கு உப்பு இல்லை என்றார், மின்சார பில் வந்துவிட்டது என்றார். இதைத் தவிர எல்லாம். எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

ரப்பர் வந்தது. பாஸ் போன் பண்ணினார். "ரெண்டு பேரும் வரணும்." போனோம். புது ரப்பர்களைப் போட்டு, போல்ட்டுகளைக் கையால் மட்டும் பொருத்திவிட்டு, காரை நாலு காலில் நிறுத்தி வைத்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மருமகன் இல்லையா?"

"இருக்கார். ஆனா அன்னைக்கு நான் பாக்கத்தான் செஞ்சேன், அதுக்கு யார் பாரமும் போதும். இன்னைக்கு முடுக்கப் போறேன். நாளைக்கு இதுல யார் போவாங்களோ அவங்கதான் உக்காரணும். நீங்க போறதில்லன்னா சொல்லுங்க சேர், டீச்சர் ஒராளுக்கு மட்டும் முடுக்கிடுறேன்."

இவர் நின்றார். நான் கண்ணாடிக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். வா என்று கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இடது கதவு திறந்தது. கார் ஒரு பக்கமாகத் தாழ்ந்து உட்கார்ந்தது.

பாஸ் கீழே இறங்கினார். "ஆடக் கூடாது! மூச்சு மட்டும் விடுங்க!" என்று சத்தம் போட்டார். நான் சேலையைச் சரிசெய்தேன். "யார் அது? ஆடாம இருங்கன்னா!" ஸ்பேனர் கரகரவென்று திரும்பத் தொடங்கியது.

"அன்னைக்கு நான் ஸ்டியரிங்கைப் புடிச்சு இழுத்தேன். ஞாபகம் இருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர், மெல்ல.

எனக்கு இல்லை. அப்படி எதுவும் ஞாபகம் இல்லை.

"மலைப்பக்கம் இழுத்தேன். நீ முழங்கையால ஒரு இடி இடிச்சுக் கையைத் தட்டிவிட்ட. நெஞ்சு கன்றிப் போய்க் கெடந்துச்சு. உன்கிட்ட காட்டல." கொஞ்சம் நிறுத்தினார். "சாகப் போற நேரத்துலயும் என்னை நம்பலையேன்னு அப்பிடி ஒரு கோவம் எனக்கு. நீ மட்டும் அன்னைக்கு என் சொல் கேட்டிருந்தா..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நான் கையைப் பிடித்தேன். அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். சின்னக் கார், அவரோடு சேர்ந்து அதுவும் குலுங்கியது.

கீழே ஸ்பேனர் நின்றுவிட்டது. இப்போது கத்தப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. இவர் முகத்தைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, சாய்ந்து உட்கார்ந்து, கார் அசைவில்லாமல் நிற்கும்வரை பாஸ் குழிக்குள் அப்படியே காத்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் முடுக்கினார்.